காலித் தாம்பாளத்துக்குக் காவல்

புதிதாகச் சேர்ந்த தம்பிகளுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று முதலாளி சொன்னார். நாலு பேர் முன்னால் நின்றால் என் நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நிறுத்தியவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. படிக்கத் தெரிந்தவன் மற்றவனுக்குப் பர்மா பாஷையில் சொல்லிவிடட்டும்.

பெட்டி பிரிப்பது, ஆணி பிடுங்குவது, கயிறு கட்டுவது எல்லாம் நம் போட்டாதாங் கிடங்கில் ஒரு மாதம் நின்றால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதை நான் சொல்லப் போவதில்லை. கலைச் சந்தையில் தூக்குகிறவனுக்கு வருகிற கஷ்டம் கனத்தால் வருவதில்லை. நான் முட்டி தேய்ந்து வேலையை விட்டவன்தான். ஆனாலும் என்னை அதிகம் நடுங்க வைத்தது ஒரு சீப்பு வாழைப்பழம். அதைச் சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது சந்தைக்கு வருவதெல்லாம் பகோடா படங்களும், குடை பிடித்துப் போகும் பிக்குகளும்தான். ஆப்பிரிக்காவிலிருந்து பெட்டி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். இப்போது லண்டனிலும் துபாயிலும் அந்த ஊர்க் கலைஞர்கள் செய்வதை வரிசையில் நின்று வாங்குகிறார்களாம். அந்தக் காற்று ரங்கூனுக்கும் அடித்தது. பணத்தைப் பணமாக வைத்திருக்கப் பயந்த நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் முதலில் தங்கம் வாங்கினார்கள், பிறகு கார் வாங்கினார்கள், பிறகு அடுக்குமாடி வாங்கினார்கள். எல்லாம் வாங்கி முடித்து, இப்போது ஆப்பிரிக்கச் சிலைக்கு வந்திருக்கிறார்கள்.

ஆற்றோரத்து ஓட்டல் மண்டபத்தில் நடந்த சந்தை அது. கானா நாட்டிலிருந்து எஃபுவா என்ற அம்மா வந்திருந்தார். சொந்தமாகக் கலைக்கூடம் வைத்திருக்கிறவர். உயரமான ஆள், குரல் மட்டும் மெதுவாக வரும். அவர் சொல்வதை எங்களுக்குப் பர்மா பாஷையில் சொல்ல மா கின் என்ற பெண் இருந்தாள். மா கின் சொன்னதை எங்கள் மேஸ்திரி தமிழில் சொல்லுவார், எங்களுக்குப் பர்மா பாஷை தெரியாதது போல.

எஃபுவா கொண்டுவந்த படங்களை விட்டுவிடுங்கள். நடுவில் வந்தது ஒரு பெரிய பெட்டி. உள்ளே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். பழைய அலுமினியச் சட்டிகளைத் தட்டி நெளித்து, துண்டு துண்டாகச் சேர்த்துச் செய்த சிலை. குட்டை முக்காலியில் காலை நீட்டி, முழங்காலில் கை வைத்து, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் வைப்பதற்கென்று தனியாகச் சுற்றி வந்தது ஓர் எனாமல் தாம்பாளம். வெள்ளை, நீல விளிம்பு, அங்கங்கே எனாமல் உதிர்ந்து கறுப்பு. செய்த கலைஞன் பேர் கோஜோ. அந்தத் தாம்பாளம் அவனுடைய அம்மா தலையில் சுமந்து வியாபாரம் செய்த அசல் தாம்பாளம்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் மேஸ்திரிக்கு ஒரு தாம்பாளம் வேண்டியிருந்தது.

மேஸ்திரியின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய சாமான் இறங்கினால் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை வைத்துக் கும்பிடாமல் யாரும் கை வைக்கக் கூடாது. நம் ஆட்கள் பிள்ளையார் என்று கும்பிடுவார்கள், பர்மா ஆட்கள் தங்கள் நாட் தேவதை என்று கும்பிடுவார்கள், தேங்காய் ஒன்றுதான். அன்றைக்கு அவருடைய பித்தளைத் தாம்பாளம் வேறு லாரியில் மாட்டிக்கொண்டது. பெட்டியிலிருந்து நல்ல தாம்பாளமாக ஒன்று வெளியே வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா ராமு? அந்த ஊர்க்காரனுக்கும் நம்ம வழக்கம் தெரிஞ்சிருக்கு. தட்டோட அனுப்பியிருக்கான்!"

பழம் வைத்தார், தேங்காய் வைத்தார், கும்பிட்டோம். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தோம். கொஞ்சம்கூடக் கீறல் இல்லை. தாம்பாளத்தை எடுப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் பிடித்து வெளிச்சம் வந்தபோது, பெரிய வாடிக்கையாளர்களை நேரத்துக்கு முன்பே உள்ளே விட்டுவிட்டார்கள். சிமெண்டு வியாபாரி ஊ டுன் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவர் வெகு நேரம் பார்த்தார். கண் கலங்கினார்.

"பழத்தோட சேர்த்துத்தானே விலை?" என்று மா கின்னிடம் கேட்டார்.

குப்பை என்று நினைத்துக் கலைப்பொருளைத் தூக்கி எறிந்த கதையை இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு நடந்தது நேர்மாறு. எங்கள் வாழைப்பழம் கலைப்பொருளாகிவிட்டது.

எஃபுவா ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மண்டியிட்டு ஒவ்வொரு பழமாக எடுத்து, தன் துப்பட்டா நுனியால் தாம்பாளத்தைத் துடைத்தார். திரும்பி ஏதோ கேட்டார். மா கின் சொன்னாள்: "இதை யார் வைச்சதுன்னு கேக்கறாங்க." மேஸ்திரியைத் தேடினேன். அவர் பித்தளைத் தாம்பாளம் தேடி லாரிக்குப் போயிருந்தார். ஊ டுன்னோடு வந்த யாரோ அதற்குள் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் மா கின் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். கோஜோவை முதலில் கண்டுபிடித்தவர் எஃபுவா. யாரும் திரும்பிப் பார்க்காத நாளில் அவன் சட்டிகளை வைக்க இடம் கொடுத்தவர். இப்போது அவனுக்குப் பெயர் வந்துவிட்டது, லண்டனிலிருந்து ஒரு பெரிய கலைக்கூடம் கூப்பிடுகிறது. எஃபுவாவை விட்டுப் போவதா வேண்டாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான். 'இந்த ஒரு சிலையை எடுத்துப் போ. நான் சொன்னபடி வைத்து, நல்ல இடத்தில் சேர்த்துவிட்டு வா. பிறகு பேசுவோம்' என்று அனுப்பியிருக்கிறான். அவன் சொன்னது ஒன்றே ஒன்று. தாம்பாளம் காலியாக இருக்க வேண்டும். அதில் ஏதாவது விழுந்தால் சிலையை விற்கக் கூடாது, கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும்.

எஃபுவா என்னைக் காட்டி ஏதோ சொன்னார். மா கின் அண்ணன் என்கிற மரியாதையோடு 'கோ' போட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"கோ ராமு, இனிமே நீங்கதான் இங்க நிக்கணுமாம். யாரையும் எதுவும் வைக்க விடக் கூடாதாம்."

"நானா? ஏன்?"

"நீங்கதானே நின்னுக்கிட்டிருக்கீங்க."

தம்பிகளே, பொறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும். தகுதி பார்த்து வராது.

ரங்கூனில் ஒருவரைப் பார்த்து 'கொடுக்காதே' என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? நமக்கு எடுக்காதே என்று சொல்லத் தெரியும், தள்ளு என்று சொல்லத் தெரியும். கொடுக்காதே என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. தேர்ந்த சண்டைக்காரனுக்கே கஷ்டம். நானோ பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூடச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம்வரை போகிறவன்.

ஓர் அம்மாள் வந்து மல்லிகைச் சரம் வைத்தாள். நான் இருமினேன். அவள் என் இருமலுக்கு இஞ்சி மிட்டாய் ஒன்றும் சேர்த்து வைத்தாள். ஒரு பெரியவர் சுருட்டு வைத்தார். ஓட்டல் சமையல்காரர் ஒரு கிண்ணம் மொஹிங்கா, சேவைமேல் மீன் குழம்பு ஊற்றி, வடை பிய்த்துப் போட்டு, ஆவி பறக்கக் கொண்டுவந்தார். "ஆறிடப் போகுது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் சாப்பிட்டுவிட்டால் தேவலை என்ற அர்த்தமா, அம்மாவிடம் சொல்லச் சொன்னாரா தெரியவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான். அவர்கள் நகர்ந்ததும் எடுத்து, பின்பக்கப் பலகைத் தடுப்புக்குள் ஒளித்து வைப்பது. மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தாம்பாளம் நிறைந்திருக்கும். இருட்டில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூச்சம் விட்டுப் போய்விடும் போல. எடுப்பேன், துடைப்பேன். எஃபுவா சட்டென்று காலித் தாம்பாளத்தைப் படமெடுத்து கோஜோவுக்கு அனுப்புவார். அடுத்த இருட்டு வரும்.

தடுப்புக்குப் பின்னால் ஒரு பழக்கடையே உருவாகிவிட்டது. எங்கள் ஆட்கள் காலையும் மாலையும் வாழைப்பழம் தின்றார்கள். எறும்பு வரிசை கிளம்பிப் பக்கத்துக் கடையில் மாட்டியிருந்த பகோடா படத்தின் படிக்கட்டில் ஏறியது. அந்த ஓவியர் சண்டைக்கு வந்தார். ஆனால் அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் எறும்பைப் பார்த்து, "ஐயோ, என்ன உயிரோட்டம்!" என்றதும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள்தான் பெரிய வினை. சிலைக்குப் பக்கத்தில் சந்தைக்காரர்கள் ஒட்டிய எண் முப்பத்தெட்டு. ஓட்டல் சலவைக்காரர் அதைப் பார்த்து இரண்டு இலக்க லாட்டரிச் சீட்டில் முப்பத்தெட்டு கட்டியிருக்கிறார். மதியம் முப்பத்தெட்டு விழுந்துவிட்டது.

பிறகு கேட்க வேண்டுமா? சலவைப் பகுதி வந்தது, சமையல் பகுதி வந்தது, வாசல் காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெளியே வாழைப்பழம் விற்கிற பெண்கள் சரக்கோடு உள்ளே வந்தார்கள். சந்தை நடத்துகிறவர்களுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. இவ்வளவு கூட்டம் அவர்கள் பார்த்ததில்லை. ஊ டுன் மறுபடி வந்து, கூட்டத்தைப் பார்த்து, இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். ஆனால் பழம், பூ, மொஹிங்கா எல்லாவற்றோடும் வேண்டும் என்றார். "எண் ஒட்டின சீட்டையும் கிழிக்காம கொடுக்கணும்."

எஃபுவா தலையசைக்கவில்லை. சரி என்றால் அந்த நிமிடமே சிலை விற்றுப்போகும், கோஜோ போய்விடுவான். வேண்டாம் என்றால் சிலையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும், அப்போதும் கோஜோ போய்விடுவான். நல்ல இடத்தில் சேர்த்துவிட்டு வா என்றல்லவா சொல்லியிருந்தான்.

அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. கோஜோ, முகம் தெரிகிற அழைப்பு. ஃபேஸ்புக் படம் சுற்றிச் சுற்றி அவன் கைக்கே போய்விட்டது. அவன் கத்தியது கூட்டத்துச் சத்தத்திலும் கேட்டது. மா கின் என் காதில் சொன்னாள்: "கட்டு, பெட்டியில போடுன்னு சொல்றாரு." எஃபுவா எதிர்வாதம் செய்யவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. போனைத் திருப்பிக் கூட்டத்தைக் காட்டினார். அதில் நான் தெரிந்திருப்பேன் போலிருக்கிறது, இரண்டு கையிலும் வாழைச் சீப்போடு.

"யார் அந்த ஆள்னு கேக்கறாரு," என்றாள் மா கின். "எதுக்கு எல்லாரும் என் அம்மா தட்டுல சாமானை ரொப்புறாங்கன்னு உங்களைக் கேக்கறாரு."

என்னைக் கேட்கிறார்! நான் பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "உக்காந்திருக்கற ஒரு அம்மா முன்னாடி காலித் தட்டு இருந்தா, இந்த ஊர்ல யாரும் சும்மா தாண்டிப் போக மாட்டாங்க. பாவம், ஒண்ணும் கிடைக்கலன்னு நெனைப்பாங்க. அவ்வளவுதான்."

மா கின் அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.  கத்திக்கொண்டிருந்தவன் சிரித்தான். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான், மா கின் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சொன்னாள்.

"என் அம்மா பசியா உக்காந்திருக்கல. எல்லாம் வித்துத் தீர்ந்துபோச்சு. வேர்க்கடலை ஒண்ணுகூட மிச்சமில்ல. விடியறதுக்கு முன்னால எழுந்தவங்க, வீட்டுக்கு நடக்கறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் உக்காருவாங்க. அவங்க உக்காந்து நான் பாத்தது அந்த ஒரு நேரந்தான். அதுல நீங்க சரக்கைப் போட்டா, அவங்க மறுபடியும் எழுந்து விக்கணும்."

 கையிலிருந்த சீப்பு கனத்தது.

சந்தைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டி போடலாம் என்றார்கள். எங்கள் ஊரில் கண்ணாடி போட்டால் கண்ணாடிமேல் பூ தொங்கவிடுவார்கள். அறிவிப்புப் பலகை வைக்கலாம் என்றார்கள். பலகை வைத்தால் பலகையில் உள்ள எழுத்தை எண்ணிச் சீட்டுக் கட்டுவார்கள். கூட்டத்தைப் பார்த்து நான் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.

கூட்டத்தின் முன்வரிசையில் டோ ச்சோ நின்றுகொண்டிருந்தாள். கியாக்தானிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து ஓட்டல் வாசலில் தலைக்கூடையில் வாழைப்பழம் விற்கிறவள். வாசலில் அவள் கூவினால் ஆற்றில் போகும் படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். அவள் ஒருத்தியிடம் மட்டும் போய், காதோரம் சொன்னேன். எனக்கு அது முடியும்.

"டோ ச்சோ, அந்த அம்மா வித்து முடிச்சிட்டு உக்காந்திருக்கா."

"என்னது?"

"கொண்டுவந்த சரக்கு பூரா போயிடுச்சு. இப்ப வீட்டுக்குக் கிளம்பப் போறா."

டோ ச்சோ தன் கூடையைப் பார்த்தாள். அது முக்கால்வாசி நிறைந்திருந்தது. சிலையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இந்த நேரத்துக்கே வித்துட்டாளா? மகராசி! ஏண்டி, எடுங்கடி எல்லாத்தையும்!" அவள் குரல் மண்டபத்தின் மறுகோடியில் போய் இடித்தது. "வியாபாரம் முடிச்சு அக்கடான்னு உக்காந்தவ தட்டுல மறுபடியும் சரக்கைக் கொட்டுறீங்களே, உங்களுக்கு ஈரம் இருக்கா? ஏ சுருட்டு, உன்னைத்தான்! உன் கூடையில நான் பழத்தைக் கொட்டினா நீ சும்மா இருப்பியா? எடு!"

எடுத்தார்கள். அவரவர் வைத்ததை அவரவரே எடுத்தார்கள். சமையல்காரர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிறவர்போலக் குனிந்து போனார். ஒருத்தி தன் தலைத்துண்டை அவிழ்த்துத் தாம்பாளத்தைத் துடைத்து வைத்தாள். நான் இரண்டு நாளாக இருமி இருமிச் செய்ய முடியாததை டோ ச்சோ ஒரு மூச்சில் செய்தாள். கூட்டத்தோடு பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை, தம்பிகளே. கூட்டத்தில் யாரோடு பேச வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஆனால் அத்தோடு தீரவில்லை. விற்றுத் தீர்ந்த அம்மா என்ற செய்தி லான்மடாவ் சந்தைவரை போய்விட்டது. கடைசி நாளில் கூடைக்காரிகள், தள்ளுவண்டிக்காரர்கள், ஒரு தையல் மெஷின் ஏஜெண்ட், எல்லோரும் தங்கள் காலிக் கூடையைக் கொண்டுவந்து அம்மாவின்மேல் தொட்டு எடுத்துப் போக வரிசை கட்டினார்கள். எஃபுவா போனில் கேட்டார். கோஜோ யோசித்து அனுமதி கொடுத்தான்: தாம்பாளத்தைத் தொடக் கூடாது, முழங்காலைத் தொடலாம். முழங்கால் பளபளத்துவிட்டது. நானே அதைப் போனில் அவனிடம் காட்டினேன். "வீட்டிலயும் பிள்ளைங்க நாங்க அங்கதான் ஏறி உக்காருவோம்" என்றான்.

ஊ டுன்னுக்குத்தான் குழப்பம். "காலித் தட்டோட ஒருத்தியை என் கடை வாசல்ல வச்சா, இவனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஊரு பேசாதா?" என்று முதலில் முகம் சுளித்தார். காலி ஏன் என்று டோ ச்சோ அவருக்கு விளக்கினாள். விளக்கினாள் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். "சிமெண்டு விக்கிறவரே, என்னைக்காவது உங்க கிடங்கு காலியா இருந்திருக்கா?" என்று கேட்டாள். அவர் சிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு வாங்கினார். தாம்பாளத்தில் எதுவும் வைப்பதில்லை என்று கோஜோவுக்குத் தன் வாயாலேயே போனில் சொன்னார். எண் சீட்டை மட்டும் விடவில்லை.

எஃபுவாவின் படங்களும் அந்தக் கூட்டத்தில் போய்விட்டன. மாலையில் கோஜோ அழைத்தான். என்ன பேசினார்கள் என்று மா கின் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு எஃபுவா அவளைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்தேன். லண்டன் காத்திருக்கட்டும் என்று அவன் சொல்லிவிட்டதாகப் புரிந்துகொண்டேன்.

நாங்கள் சிலையைப் பெட்டிக்குள் இறக்கினோம். மேஸ்திரி இந்தத் தடவை தன் பித்தளைத் தாம்பாளத்தில், தள்ளித் தரையில், தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்டார். எனாமல் தாம்பாளத்தின் பக்கமே அவர் கண்ணைத் திருப்பவில்லை.

சுவரெல்லாம் காலி. நடுவில் சிலை இருந்த இடம் காலி. எஃபுவா செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் ஆணிப் பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது டோ ச்சோ வந்தாள், கையில் நல்ல பழமாக ஒரு சீப்பு. நான் குறுக்கே போய் நின்றேன். பழக்கதோஷம்.

"டோ ச்சோ, அம்மா வித்து முடிச்சாச்சு. ஒண்ணும் வைக்கக் கூடாது."

"தெரியும்பா, நான்தானே ஊருக்கெல்லாம் சொன்னேன்?" என்று என்னைக் கையால் ஒதுக்கினாள். "அது தகரம். அதுக்குப் பசிக்காது. இந்தப் பொண்ணு காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. வாசல்ல உக்காந்து நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

எஃபுவாவின் மடியில் சீப்பை வைத்தாள். மா கின் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பழத்தைப் பிய்த்து டோ ச்சோவுக்குக் கொடுத்தார், ஒன்றை எனக்கு நீட்டினார். இரண்டு நாளாக வாழைப்பழம் என்றாலே எனக்குக் குமட்டல். வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

என்னால் சொல்ல முடியவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன்.